சர்க்கரைப் புண் பரம்பரையா? மரபணுவின் பங்கு பற்றி ஓர் எளிய விளக்கம்

"எங்க வம்சத்துலயே புண் ஆறாது. அப்பாவுக்கு ஒரு கால் போச்சு, சித்தப்பாவுக்கு ரெண்டு விரல் போச்சு. ஜீன்லயே இருக்கு, என்ன பண்றது?"

சர்க்கரை நோய் மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. சொல்பவர் பொய் சொல்லவில்லை, வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறார். ஆனால் 'புண் ஆறாது', 'வம்சம்', 'ஜீன்' ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும்போது மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. தலையெழுத்துதான் என்று முடிவு கட்டியவர் அப்புறம் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். இதற்கு நேரெதிராக, "ஜீனாவது ஒண்ணாவது, வாயைக் கட்டினா எல்லாம் சரியாப்போகும்" என்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் முழு உண்மையில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு. எந்த இடத்தில், எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு புளியங்கொட்டையின் கதை

என் பெரியப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்பி ஷூவைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை உருண்டு விழுந்தது. பேத்திகள் பல்லாங்குழி ஆடிய கொட்டைகளில் ஒன்று. காலையிலிருந்து அதை மிதித்துக்கொண்டேதான் நடந்திருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே, மேடாக இருக்கும் இடத்தில், கொட்டையின் அச்சு கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தது. நாமாக இருந்தால் பத்தடி நடப்பதற்குள் ஷூவைக் கழற்றி உதறியிருப்போம். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் கொப்புளம். பத்து நாளில் புண்.

சர்க்கரைப் புண் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் பல வருடங்கள் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. நீளமான நரம்பு முதலில் கெடும், அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. இதற்கு நரம்புச் சிதைவு என்று பெயர். மதமதப்பு, எரிச்சல், பஞ்சில் நடப்பது போன்ற உணர்வு என்று சிலருக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். பலருக்கு அதுவும் கிடைக்காது, உணர்வு சத்தமில்லாமல் போய்விடும். உணர்வு நரம்பு மட்டும் கெடுவதில்லை. வியர்வையைக் கவனிக்கும் நரம்பு கெட்டால் தோல் வறண்டு குதிகால் வெடிக்கும். தசையை இயக்கும் நரம்பு கெட்டால் விரல்கள் மடங்கி, பாதத்தின் வடிவமே மாறி, ஒரே இடத்தில் பாரம் இறங்கும். அங்கே காய்ப்பு ஏறும். காய்ப்புக்கு அடியில் புண் ஒளிந்திருக்கும்.

குண்டும் குழியுமான சாலை

உடம்பு ஒரு காயத்தை எப்படி ஆற்றுகிறது என்பதற்கு ஊர்ச் சாலையை நினைத்துக்கொள்ளலாம். சாலையில் ஒரு குழி விழுகிறது. முதலில் யாராவது புகார் சொல்ல வேண்டும். அப்புறம் ஜல்லி, தார் ஏற்றிய லாரி அந்த இடத்துக்கு வந்து சேர வழி இருக்க வேண்டும். ஒரு கூட்டம் வந்து உடைசலை அள்ளிக் குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்தவர்கள் கிளம்பினால்தான் தார் போடுகிறவர்கள் வேலையைத் தொடங்க முடியும். இதெல்லாம் முடியும்வரை அந்த வழியே பஸ் ஓடக்கூடாது.

பாதத்திலும் இதே வரிசைதான். புகார் சொல்வது வலி. வழி என்பது ரத்தக் குழாய். சுத்தம் செய்யும் கூட்டம் வெள்ளணுக்கள். அவை வந்து வேலை செய்யும்போது ஏற்படும் சிவப்பு, வீக்கம், சூடு ஆகியவற்றைத்தான் அழற்சி என்கிறோம். தார் போடுவது புதுத் தசையும் தோலும் வளர்வது. பஸ் என்பது நம் நடை.

சர்க்கரை நோயில் ஐந்தும் கெடலாம். புகார் போகாது. கால் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் லாரி வராது. சுத்தம் செய்ய வந்த கூட்டம் கிளம்பாமல் அங்கேயே கூடாரம் போட்டுவிடும், அதாவது அழற்சி அடங்காது. தார் வேலை தள்ளிப்போகும். வலிக்காததால் மனிதர் நடந்துகொண்டே இருப்பார், குழி மேல் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சர்க்கரைப் புண் ஒரே காரணத்தால் வரும் ஒரே நோய் அல்ல. பல வேலைகள் அடுத்தடுத்துத் தவறும்போது வரும் முடிவு அது. மரபணு எங்கே நுழைகிறது என்று தேடினால், இந்த ஒவ்வொரு வேலையிலும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

வேலூரில் கிடைத்த பதில்

'புண் ஆறாத சதை' என்ற நம்பிக்கை சர்க்கரை நோயாளிகளுக்கு முன்பே தொழுநோயாளிகளைப் பிடித்து ஆட்டியது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்றே மருத்துவர்கள் பலரும் நினைத்திருந்தார்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் வருடக்கணக்கில் கவனித்தார். சதையில் ஒரு கோளாறும் இல்லை, அது மற்றவர்களின் சதை போலவே ஆறுகிறது என்று கண்டார். போயிருந்தது உணர்வு மட்டும்தான். இரவில் படுத்தவர் காலையில் விரல் நுனி இல்லாமல் எழுந்த சம்பவங்களும் உண்டு. விடாமல் கண்காணித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: தூங்கும்போது எலி கடித்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளோடு பூனையையும் அனுப்பி வைத்தார்கள்.

காலில் புண் வந்தவர்களுக்கு மாவுக்கட்டு போட்டு, பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பாதம் முழுக்கப் பரவும்படி செய்தால் 'ஆறாத' புண் ஆறியது. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட் இந்த அனுபவத்தைக் கையோடு கொண்டுபோனார். உணர்வு போன சர்க்கரைக் கால்களுக்கும் அங்கே அதே வைத்தியம் பலித்தது. இன்றைக்கும் பாதத்தின் அடியில் வரும் புண்ணுக்கு, ரத்த ஓட்டம் போதுமானதாக இருந்தால், பாரத்தை இறக்கும் கட்டுதான் முதல் தர வைத்தியம். நம்மூர் மருத்துவமனைகளில் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பும் தொழுநோய்ப் பாதங்களுக்கென்று உருவானதுதான்.

மரபணுவைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 'எங்க வம்சத்துச் சதை அப்படி' என்று சொல்லும் முன் பஸ் ஓடுவதை நிறுத்திப் பார்த்தோமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரே நூல், சில எழுத்துகள் வேறு

சரி, இப்போது மரபணுவுக்கு வருவோம். நம் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துகளால் எழுதிய, ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுள்ள ஒரு நூல் என்று அதை வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பத்திதான் மரபணு. அப்படி ஏறக்குறைய 20,000 பத்திகள். அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று ஒவ்வொரு பத்தியும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது.

உங்கள் நூலையும் என் நூலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒன்று மாறியிருக்கும். இதைத்தான் மரபணு வேறுபாடு என்கிறோம். இது நோயல்ல, பிழையும் அல்ல. 'கருப்பு' என்று எழுதுபவரும் இருக்கிறார், 'கறுப்பு' என்று எழுதுபவரும் இருக்கிறார்; படிப்பவருக்குப் பொருள் மாறவில்லை. மரபணு வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ரகம். மிகச் சில மட்டும் 'பள்ளி' என்பது 'பல்லி' ஆனது போல. ஓர் எழுத்து மாறியதும் பொருளே வேறாகிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வகை உண்டு. நம் விஷயத்துக்கு அதுதான் முக்கியம். சமையல் குறிப்பில் பொருள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனால் 'உப்பு ஒரு சிட்டிகை' என்ற இடத்தில் 'இரண்டு சிட்டிகை' என்று இருக்கிறது. குழம்பு கெட்டுவிடவில்லை, கொஞ்சம் கரிக்கிறது, அவ்வளவுதான். மரபணுவிலும் புரதத்தின் வடிவத்தைத் தொடாமல், அது எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்பதை மட்டும் லேசாகக் கூட்டும் அல்லது குறைக்கும் எழுத்து மாற்றங்கள் உண்டு. சர்க்கரைப் புண்ணில் ஆராயப்பட்ட வேறுபாடுகளில் பல இப்படிப்பட்ட சிட்டிகைக் கணக்குகள்.

எந்த வேலையில் எந்த மரபணு?

சாலைக்கே திரும்பிப் போவோம். லாரி வர வழி வேண்டும் என்றேன் அல்லவா? காயம்பட்ட இடத்தில் ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் இருக்கும் ஹெச்.ஐ.எஃப்.-1 என்ற புரதம் அதை உணர்ந்து மணியடிக்கும். செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்று இந்த வழியைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மணி அடித்ததும் வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதம் சுரந்து, அந்த இடத்தை நோக்கிப் புது ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் இந்த மணி சரியாக அடிப்பதில்லை. ஏற்கனவே மந்தமாக அடிக்கும் மணியை ஓர் எழுத்து வேறுபாடு இன்னும் கொஞ்சம் மந்தமாக்கலாம், அல்லது கொஞ்சம் தூக்கிவிடலாம். இந்த இரண்டு புரதங்களின் மரபணுக்களும் சர்க்கரைப் புண் ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர்கள்.

சுத்தம் செய்யும் கூட்டத்துக்கு உத்தரவு போடும் புரதங்கள் டி.என்.எஃப். ஆல்ஃபாவும் இன்டர்லூக்கின்-6-உம். காயம் பட்டவுடன் இவை வேண்டும், வாரக்கணக்கில் நீடித்தால்தான் தொல்லை. இவற்றின் அளவைப் பாதிக்கும் எழுத்து மாற்றங்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிருமியை முதலில் அடையாளம் காணும் காவல் புரதங்கள், ரத்தக் குழாயை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி என்று பட்டியல் நீளும். அத்தனை பெயரும் நமக்கு வேண்டாம்.

இந்த வேலைகளில் ஒன்றில் மட்டுமல்ல, பலவற்றிலும் மரபணு எட்டிப் பார்க்கிறது. 'சர்க்கரைப் புண் மரபணு' என்று ஒற்றை ஆள் கிடைக்காததற்குக் காரணமும் அதுதான். சிட்டிகை சிட்டிகையாகப் பலர் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஒரே எழுத்து எல்லாவற்றையும் முடித்துவிடும் நிலை

'ஜீன்ல இருக்கு' என்று சொல்லும்போது பலர் மனதில் இருக்கும் படம் வேறு. ஒரு ஜீன் கெட்டது, அதனால் நோய் வந்தது என்ற படம். அப்படிப்பட்ட நோய்களும் உண்டு. அதை ஒருமுறை பார்த்துவிட்டால் வித்தியாசம் தெளிவாகிவிடும்.

வட பாகிஸ்தானில் சில குடும்பங்களில் பிறவியிலேயே வலி தெரியாத பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தான்: கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், கனலும் கரிமேல் நடப்பான். 14-ஆவது பிறந்தநாளுக்கு முன்பே கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். 2006-இல் ஆய்வாளர்கள் இந்தப் பிள்ளைகளிடம் கண்டுபிடித்தது எஸ்.சி.என்.9ஏ என்ற ஒரே மரபணுவில் இருந்த கோளாறு. வலி உணர்வை நரம்பில் கிளப்பிவிடும் புரதம் அவர்கள் உடம்பில் உருவாகவே இல்லை. இரண்டு பிரதியும் கெட்டிருந்தன, அதனால் வலி முற்றிலும் இல்லை. தொடுவதும் சூடு, குளிர்ச்சியும் தெரிந்தன. வலி மட்டும் கிடையாது.

இது 'பள்ளி' 'பல்லி' ஆன கதை. மிக அரிது, ஆனால் விளைவு பிரம்மாண்டம். சர்க்கரைப் புண்ணில் பேசப்படும் வேறுபாடுகளோ மக்களில் கணிசமான பேரிடம் சாதாரணமாகவே இருப்பவை, விளைவோ சிட்டிகை அளவு. இரண்டுக்கும் ஒரே 'ஜீன்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதுதான் குழப்பத்தின் வேர்.

ஆய்வுக்கு ஆய்வு ஏன் மாறுகிறது?

'இந்த மரபணு இருந்தால் கால் புண் அபாயம் இரட்டிப்பு' என்று ஒரு செய்தி வரும். அடுத்த வருடம் வேறொரு நாட்டில் அதே மரபணுவைப் பார்த்துவிட்டு 'தொடர்பே இல்லை' என்பார்கள். விஞ்ஞானிகளே மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்று நமக்கு அலுப்பாக இருக்கும்.

ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மரபணுக்களைச் சந்தேகத்தின் பேரில் எடுத்துக்கொண்டு, சில நூறு பேரிடம் பார்த்தவை. சிறு கூட்டத்தில் தற்செயலுக்கு வேலை அதிகம். புண் உள்ளவர்கள் ஒரு சமூகத்திலிருந்தும் இல்லாதவர்கள் இன்னொரு சமூகத்திலிருந்தும் கூடுதலாக வந்துவிட்டால், புண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத எழுத்து வேறுபாடும் குற்றவாளி போலத் தெரியும். போதாக்குறைக்கு 'புண்' என்பதற்குள்ளேயே நரம்பால் வந்தது, ரத்த அடைப்பால் வந்தது, இரண்டும் கலந்தது எல்லாம் ஒரே மூட்டையில் கிடக்கும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் முழு மரபணு ஒப்பாய்வு. யாரையும் முன்கூட்டிச் சந்தேகப்படாமல், நூல் முழுக்கப் பல லட்சம் இடங்களை ஒரே நேரத்தில் ஒப்பிடும் முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஆய்வில், தற்செயலாக நடக்க இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புதான் என்றால் அதைக் கண்டுபிடிப்பு என்று ஏற்பார்கள். பத்து லட்சம் இடங்களை அதே தராசில் நிறுத்தால் ஐம்பதாயிரம் பொய்க் குற்றவாளிகள் சிக்குவார்கள்! அதனால் இங்கே இரண்டு கோடியில் ஒன்று என்ற கறாரான அளவை வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதி நீரிழிவு நோயாளிகளிடம் இப்படித் தேடி 2017-இல் வெளியான ஆய்வில் எம்.ஏ.பி.கே.14 என்ற மரபணு தட்டுப்பட்டது. செல்லுக்குள் அழற்சிச் செய்தியைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு அது. சுத்தம் செய்யும் கூட்டம் கிளம்பாமல் இருப்பதோடு இது பொருந்திப்போகிறது. ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் கண்டது மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்குள்ளவர்களிடம் பார்த்தால்தான் தெரியும்.

'அபாயம் கூடுதல்' என்றால்?

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். சர்க்கரை உள்ள 100 பேரில் ஒரு காலகட்டத்தில் 10 பேருக்குக் கால் புண் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து வேறுபாடு அபாயத்தை 1.3 மடங்கு ஆக்குகிறது. அப்படியானால் அந்த வேறுபாடு உள்ள 100 பேரில் 13 பேருக்கு வரும். மீதி 87 பேருக்கு, அந்த எழுத்து உடம்பில் இருந்தும், வராது. அது இல்லாதவர்களிலும் 10 பேருக்கு வரும்.

இந்த 1.3 ரொம்பக் குறைவோ என்று தோன்றலாம். இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கே, பரவலாகக் காணப்படும் வேறுபாடுகளில் மிகப் பலமானது என்று 2006 முதல் பேசப்படும் டி.சி.எஃப்.7எல்.2 மரபணு வேறுபாடு ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 1.4 மடங்குதான் கூட்டுகிறது. பலமானதே அவ்வளவுதான்.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். ஒருமுறை கால் புண் வந்து ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஒரே வருடத்துக்குள் மறுபடியும் புண் வருகிறது. புண் வருவதற்கு முன்னும் பின்னும் அவருடைய மரபணு ஒன்றுதான். மாறியது பாதம்: உணர்வு போனது, வடிவம் மாறியது, பழைய தழும்பில் மறுபடி பாரம் இறங்குகிறது. யார் காலுக்கு ஆபத்து என்று கண்டுபிடிக்க, ரத்தத்தை எடுத்து மரபணுவைப் படிப்பதைவிடக் காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பதே மேல் என்பது என் கருத்து. 'உங்கள் ஜீனைச் சொல்கிறோம்' என்று விற்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டும் முன் இதை யோசிக்கலாம்.

வீட்டிலிருந்து வேறென்ன வருகிறது?

அப்படியானால் ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்குக் கால் போனது எப்படி? சர்க்கரை நோய் வருவதில் பரம்பரைக்கு நல்ல பங்கு உண்டு, அதை மறுக்க முடியாது. மூன்று பேருக்கும் சர்க்கரை வந்தது என்பது வரை மரபணு வழி நடத்தியிருக்கலாம். அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். கால் ஆணியை மூன்று பேருமே பிளேடால் சீவியிருக்கலாம். குதிகால் வெடிப்புக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் காலை வைத்திருக்கலாம், சூடு தெரியாமலே. சித்திரை வெயிலில் கோயில் வெளிப்பிராகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றியிருக்கலாம். பீடி ஒரே கட்டிலிருந்து வந்திருக்கலாம். புகை கால் ரத்தக் குழாயை அடைப்பதில் இந்தச் சிட்டிகை வேறுபாடுகளை விடப் பலமானது. வலிக்கவில்லையே என்று மூன்று பேருமே மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். இதெல்லாமும் ஒரு வகையில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதுதான், டி.என்.ஏ. வழியாக இல்லை.

அப்படியானால் மரபணு ஆராய்ச்சியே வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவருக்குப் புண் வருமா வராதா என்று ஜோசியம் சொல்ல அது உதவாமல் போகலாம். ஆனால் எம்.ஏ.பி.கே.14 போல ஒரு பெயர் கிடைத்தால், அழற்சி ஏன் அடங்குவதில்லை என்பதற்கு ஒரு நூல்முனை கிடைக்கிறது. அதைப் பிடித்து மருந்து தேடலாம். அந்த மருந்து, எழுத்து வேறுபாடு இல்லாதவருக்கும் பயன்படலாம்.

இன்றைக்கு அபாயத்தை எப்படி அளக்கிறார்கள்?

சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் வழிகாட்டுதலில் மரபணு பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. பாதத்தில் உணர்வு இருக்கிறதா, ரத்த ஓட்டம் எப்படி, வடிவம் மாறியிருக்கிறதா, முன்பு புண் வந்ததா, விரலோ காலோ எடுத்ததா, சிறுநீரகம் முற்றிலும் பழுதாகிவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள். உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை பாதத்தைக் காட்டினால் போதும். ஏற்கனவே புண் வந்து ஆறியவர் உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்தவராகவும் இருந்தால், ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்.

உணர்வைச் சோதிக்கும் கருவி ஒரு நைலான் இழை, மீன் தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாகப் பத்து கிராம் விசையில் வளையும். பெரியப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு அதை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார்கள். "எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் பெரியப்பா. அதற்குள் ஆறு இடம் முடிந்திருந்தது.

புண் ஆற நான்கு மாதம் பிடித்தது, கட்டுப் போட்டு, நடையைக் குறைத்து. இப்போது எம்.சி.ஆர். செருப்புதான் போடுகிறார். போடும் முன் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பார். பல்லாங்குழிக் கொட்டைகளைப் பேத்திகள் எண்ணித்தான் டப்பாவில் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் வீடே தேடும்.